மனையிடத்தில் ஆஜர்

விசாரணைக்கு அழைக்கப்பட்ட ஒருவர், குறித்த நாளில், குறித்த இடத்தில், மூன்று முறை பெயர் சொல்லி அழைத்தும் வராமற்போனால் ‘ஆஜராகவில்லை’ என்று பதிவு செய்து மனுவைத் தள்ளுபடி செய்யலாம். வருவாய்த் துறையில் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்குச் சொல்லித்தரப்பட்ட விதி இது. பிறகு ஓய்வுபெறும் வரை நான் மற்றவர்களுக்குச் சொல்லித்தந்தேன். ‘மூன்று முறை’ என்பதை எல்லோரும் நன்றாக நினைவில் வைத்துக்கொள்வார்கள். அது தலையாரியின் தொண்டை சம்பந்தப்பட்ட விஷயம். ‘குறித்த இடத்தில்’ என்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை. அதிகாரி நாற்காலி போட்டு உட்காரும் இடமே குறித்த இடம் என்பது எங்கள் துறையின் எழுதப்படாத சட்டம்.

நான் தீவில் வீடு வாங்கிய கதையைத்தான் சொல்ல உட்கார்ந்தேன். விதியில் ஆரம்பித்தது பழக்கதோஷம். ஆனால் யோசித்துப் பார்த்தால் கதையும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

தீவு ஆசை என்னுடையதல்ல. என் மனைவியின் தங்கையும் அவள் கணவரும் ஐரோப்பாவில் வெகுகாலம் வேலை பார்த்துவிட்டு, ஸ்பெயின் தேசத்தைச் சேர்ந்த ஒரு தீவில் வீடு வாங்கிக் குடிபோனார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தொலைபேசி வரும். சன்னலைத் திறந்தால் கடல், கதவைத் திறந்தால் கடல் என்று அரைமணி நேரம். தஞ்சாவூரில் எங்கள் வாடகை வீட்டில் சன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி.

“அவளுக்கு அங்க நோட்டரின்னு ஒருத்தர் இருக்காராம். பத்திரத்தை முழுசா சத்தமா வாசிச்சுக் காட்டுவாராம். வாங்குறவங்க, விக்கிறவங்க எல்லாரும் உக்காந்து கேக்கணுமாம். அப்புறம்தான் கையெழுத்து,” என்றாள் என் மனைவி.

“பத்திரத்தை வாசிக்கிற தேசம் உருப்படாது,” என்றேன்.

“நீங்க முப்பத்தஞ்சு வருஷம் ஊர்ல இருக்கிற நிலத்தையெல்லாம் அளந்தீங்க. உக்காரக் காலடி மண் சொந்தமா இல்ல.”

 ஆகவே தரகரைப் பார்த்தேன்.

தரகர் என்னை நீடாமங்கலத்துக்குத் தெற்கே அழைத்துப்போனார். ஆறு அங்கே இரண்டாகப் பிரிந்து, ஒரு தோப்பைச் சுற்றிக்கொண்டு போய், மனசு மாறி மறுபடி ஒன்றாகச் சேர்ந்துகொள்கிறது. நடுவே உள்ள நிலத்தை ஊரார் ‘திட்டு’ என்கிறார்கள். தென்னை, நாலைந்து மா, கொஞ்சம் வாழை, ஓடு போட்ட பழைய தோப்பு வீடு. ஒரு காலத்தில் பெரிய மிராசு குடும்பத்துடையது. நில உச்சவரம்புச் சட்டத்திற்குப் பயந்து வயலையெல்லாம் விற்றும் பிரித்தும் எழுதியும் தீர்த்துவிட்டு, பேரப்பிள்ளைகள் சென்னையிலும் அமெரிக்காவிலும் இருந்தார்கள். இந்தத் திட்டு மட்டும் மிச்சம்.

நான் பார்க்கப் போனது சித்திரை மாதம். ஆற்றில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. செருப்பைக்கூடக் கழற்றாமல் மணலில் நடந்து தீவுக்குப் போனேன். கரையில் இரண்டு அடிக்கல்கள் இருந்தன. இரண்டும் ஒரே பாலத்துக்கு. ஒன்று அந்த ஆட்சியில் நாட்டியது, மற்றது இந்த ஆட்சியில் நாட்டியது. ஒன்றில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். மற்றதில் துவைத்த துணியை வைத்திருந்தார்கள். மக்கள் எந்தக் கட்சிக்கும் குறை வைக்கவில்லை.

தோப்பின் கிழக்கு மூலையில் ஒரு கூரை வீடும் முருங்கை மரமும் தெரிந்தன.

“அது யாரு?”

“தோப்புக் காவலுக்கு இருக்கிறவங்க சார். சொன்னா காலி பண்ணிடுவாங்க.”

எத்தனை வருஷமாக இருக்கிறார்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். இந்தக் கேள்விக்காகவே ஒரு சட்டம் இருப்பது எனக்குத் தெரியும். எழுபதுகளின் தொடக்கத்தில், நிலக்காரர் இடத்தில் குடிசை போட்டிருக்கும் விவசாயத் தொழிலாளிக்கே அந்தக் குடியிருப்பு மனை சொந்தம் என்று அரசு சட்டம் போட்டது. அந்த மனுக்களை விசாரிக்கும் பிரிவில்தான் என் உத்தியோகமே ஆரம்பித்தது. இருந்தும் கேட்கவில்லை. முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்று போட்டேன். சிட்டா, அடங்கல், புலப்படம், தாய்ப்பத்திரம் எல்லாம் பார்த்தேன். மூலையில் நின்ற கூரை வீடு ஒரு காகிதத்திலும் இல்லை. காகிதத்தில் இல்லாததை நம்புவது எங்கள் துறையில் வழக்கமில்லை. பத்திரம் பதிவானது. சார்பதிவாளர் அலுவலகத்தில் யாரும் எதையும் வாசிக்கவில்லை.

ஆனி கடைசியில் குடிபோனோம். அதற்குள் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. என் நிலம் தீவாகிவிட்டது. அதற்குப் போக இருந்த ஒரே வழி, இரண்டு மூங்கில் அகலத்தில் ஒரு மூங்கில் பாலம். அதன் மேல் எங்கள் ஃப்ரிட்ஜும் பீரோவும் போகவேண்டும்.

எதிர்க்கரையில், என் நிலத்தின்மேல், ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். கூரை வீட்டுக்காரர்; எழுபது வயதிருக்கும். தோளில் சிவப்புத் துண்டு. பக்கத்தில் நாற்பது தாண்டிய அவர் மகள்; ஊர்ச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. இருவரும் நாடகம் பார்க்க வந்தவர்கள் மாதிரி நின்றார்கள்.

“ஃப்ரிட்ஜைப் படுக்கப் போடாதீங்க சார். கேஸ் போயிடுமாம், பொண்ணு சொல்லுது,” என்று பெரியவர் அங்கிருந்தே சொன்னார்.

“நிக்க வச்சா பாலம் தாங்குமா?”

“பாலம் தாங்கும். தூக்குறவனுங்கதான் தாங்கணும்.”

அவரே வந்து இரண்டு மூங்கிலைக் கட்டி, நடுவே ஃப்ரிட்ஜை நிறுத்திக் கயிறு போட்டார். நாலு பேர் தோள்கொடுத்துத் தூக்கினார்கள். பார்க்கிறவர்களுக்கு அது என்ன ஊர்வலம் என்பதில் சந்தேகமே வராது.

“சங்கு ஒண்ணுதான் குறைச்சல்,” என்றார் மகள்.

“நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சும்மா இது,” என்றாள் என் மனைவி. ஆனால் சிரித்துவிட்டாள். அன்றைக்கே அந்தப் பெண்ணுக்கு இவள் ‘அக்கா’ ஆகிவிட்டாள். காலி செய்யச் சொல்வதெல்லாம் அப்போதே காலாவதியாகிவிட்டது. அக்காவின் அனுமதி இல்லாமல் அந்த வீட்டில் நான் எதையும் சொல்ல முடியாது.

புதுவீட்டு உற்சாகத்தில் வாசற்படலில் ஒரு பலகை எழுதி மாட்டினேன். ‘அழைப்பு மணி இல்லை. பெயர் சொல்லி அழைக்கவும்.’ என் கையெழுத்தைப் பற்றி எனக்கு எப்போதும் கொஞ்சம் கர்வம் உண்டு. மகள் வந்து அந்தப் பலகையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ரசிக்கிறார் என்று நினைத்தேன்.

சாயங்காலங்களில் பெரியவர் வருவார். என் மனைவி டீ கொடுப்பாள். முதல் வாரமே ஒரு கதை சொன்னார்.

“குடியிருப்பு மனைக்குச் சட்டம் வந்துச்சுல்ல சார், அப்ப நானும் மனு போட்டேன். விசாரணைன்னு நோட்டீசு வந்துச்சு. ஐப்பசி மாசம். ஆத்துல வெள்ளம் ரெண்டு கரையும் போவுது. பாலம் முத நாளே போயிடுச்சு. ஆபீஸ்காரங்க அந்தக் கரையில மாமரத்தடியில நாக்காலி போட்டு உக்காந்திருக்காங்க. மிராசு வீட்டுக் காரியஸ்தர் காப்பி கொண்டாந்து குடுக்குறாரு. தலையாரி என் பேரைச் சொல்லிக் கூப்பிடுறான். நான் இந்தக் கரையில நிக்கிறேன். ‘இருக்கேங்க’ன்னு சொல்றேன். மறுபடி கூப்பிடுறான். ‘இருக்கேங்க.’ மூணாவது தடவையும் கூப்பிடுறான், நான் தொண்டை கிழியக் கத்துறேன். அங்க ஒரு சின்ன கிளார்க்கு. மீசைகூட சரியா முளைக்கல. என்னை நிமுந்து பாத்தான். அப்புறம் குனிஞ்சு எழுதினான். என்ன எழுதினான் தெரியுமா? ஆஜராகலன்னு எழுதினான்.”

என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். “கண்ணு தெரியாதவனா?”

“கண்ணெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. காப்பி டம்ளருக்கு மேலதான் பாத்தான்.”

நானும் சிரித்தேன். டீ புரையேறியது. அந்த மாதத்தில் அப்படி முப்பது நாற்பது விசாரணை நடந்தது; எல்லாம் மரத்தடி, எல்லாம் ஐப்பசி, எல்லா ஊரிலும் காப்பி. வேறு யாராவதாக இருக்கலாம் என்று எனக்கு நானே ஒரு குறிப்பு எழுதிக்கொண்டேன்.

அடுத்த வாரம் அதே கதை. இந்த முறை கிளார்க் கட்டம் போட்ட சட்டை அணிந்திருந்தான். என்னிடம் கட்டம் போட்ட சட்டை இருந்தது. மூன்றாம் முறை, கிளார்க்கின் பேனா பச்சை நிறம். என் அப்பா வாங்கிக் கொடுத்த பேனா. நான்காம் முறை கதை ஆரம்பித்ததும் எனக்குத் தோப்பில் அவசர வேலை வந்துவிட்டது.

மகள் ஒருநாள் காலையில் காகிதங்களோடு வந்தார். கூரை இரண்டு மழைக்காலமாக ஒழுகுகிறது. ஊராட்சியில் தொகுப்பு வீட்டுக்குப் பட்டியல் எடுக்கிறார்கள். பட்டா இருந்தால்தான் பேர் சேர்ப்பார்களாம்.

“ஒரு மனு எழுதிக் குடுங்க சார். உங்களுக்குத்தான் எல்லா நடைமுறையும் தெரியும்னு அக்கா சொன்னாங்க.”

எல்லா நடைமுறையும் எனக்குத் தெரியும். மிகச் சுலபமான நடைமுறை, அந்த மூலையை நானே தானப் பத்திரம் எழுதிக் கொடுப்பது. ஒரே நாளில் முடியும். யாரும் எந்தப் பழைய கோப்பையும் தேட வேண்டாம். தாராளமாகச் சொன்னேன். மகளின் முகம் மலர்ந்தது. பின்னால் வந்து நின்ற பெரியவர் கையிலிருந்த துண்டை உதறினார்.

“தானம் வேணாம் சார்.”

“ஏன் பெரியவரே? மனை உங்க பேருக்கு வந்துடும்.”

“மனை என் பேருலதான் இருக்கணும், சட்டம் வந்த அன்னைலேர்ந்து. நீங்க நேத்து வாங்கினதுலேர்ந்து பிச்சுக் குடுத்தா, நான் அன்னைக்கு வரலன்னு ஆயிடும். நான் வந்திருந்தேன். வந்திருந்தேன்னு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. அது போதும்.”

“ப்பா, கூரை ஒழுவுது. எழுத்தை வச்சுக் கூரை போட முடியுமா?” என்றார் மகள்.

“எழுத்து இல்லாததுனாலதான் ஒழுவுது.”

“இவரு இப்படித்தான் சார். சங்கத்துல சேந்து கூலி கேக்குறப்பவும் இப்படித்தான். நெல்லைக் குடுத்தாக்கூட ‘கூலின்னு சொல்லிக் குடு’ம்பாராம்.”

பெரியவர் அதை மறுக்கவில்லை. அவருக்கு அது பாராட்டு.

ஆகவே நான் தாலுகா அலுவலகத்தின் பதிவறைக்குப் போனேன். ஓய்வுபெற்றவனுக்குப் பதிவறையில் இன்னும் மரியாதை இருந்தது, எலிகள்கூட வழிவிட்டன. எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. தள்ளுபடியான மனுக்களின் கோப்பைப் பத்து வருஷத்தில் அழித்துவிடலாம். அழித்திருப்பார்கள். கோப்பு இல்லை என்று சான்று வாங்கிக்கொண்டு, பெரியவரைத் தானத்துக்குச் சம்மதிக்க வைத்துவிடலாம்.

கோப்பு இருந்தது. மேலட்டையில் ‘நிரந்தரமாகப் பாதுகாக்கப்பட வேண்டியது’ என்று எழுதியிருந்தது. எழுதியவன் நான். நிரந்தரமாகப் பாதுகாக்க அதில் ஒன்றுமே இல்லை. கையெழுத்து அவ்வளவு அழகாக இருந்தது, அழிக்க மனசு வரவில்லை போலிருக்கிறது. உள்ளே உத்தரவு: ‘மும்முறை அழைத்தும் மனுதாரர் ஆஜராகவில்லை. மனு தள்ளுபடி.’ கீழே அதிகாரியின் கையொப்பம். மேலே முழுவதும் என் எழுத்து.

அதற்கு முந்தைய தாள், மனுதாரருக்கு அனுப்பிய அறிவிப்பின் நகல். அதுவும் என் எழுத்து. படித்தேன். இன்னொரு முறை படித்தேன். ‘மேற்படி குடியிருப்பு மனையிடத்தில் நடைபெறும் விசாரணைக்கு ஆஜராகும்படி அழைக்கப்படுகிறீர்.’

மனையிடத்தில். மாமரத்தடியில் அல்ல. மனை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. மனுதாரர் குறித்த நாளில் குறித்த இடத்தில் நின்று மூன்று முறை பதில் சொல்லியிருக்கிறார். ஆஜராகாதது அரசாங்கம். என் இடது பக்கத் தாளுக்கும் வலது பக்கத் தாளுக்கும் இத்தனை வருஷமாக வழக்கு நடந்துகொண்டிருந்திருக்கிறது. இரண்டு பக்கமும் அழகான கையெழுத்து.

நகல் எடுத்துக்கொண்டு திரும்பினேன். மூங்கில் பாலத்தின் நடுவே நின்று, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். அந்தப் பாலத்தின் மேல் நின்று யோசிக்கக் கூடாது. ஆடும்.

பெரியவர் முருங்கை மரத்தடியில் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். மகள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என் மனைவியும் அங்கே உட்கார்ந்திருந்தாள். நீட்டி முழக்காமல் சொன்னேன்.

“அந்த கிளார்க் நான்தான்.”

 முறத்தின் சத்தம்கூட நிற்கவில்லை.

“தெரியும் சார்,” என்றார் பெரியவர்.

“தெரியுமா?”

“நீங்க பலகை மாட்டுன அன்னைக்கே பொண்ணு சொல்லிடுச்சு.”

மகள் முறத்தைக் கீழே வைத்தார். “அந்த நோட்டீசை வச்சுத்தான் சார் நான் எழுத்துக்கூட்டிப் படிச்சேன். அப்பா தினம் எடுத்துக் குடுத்துப் படிக்கச் சொல்லும். அதுல ‘அழைக்கப்படுகிறீர்’னு இருக்கும். அந்த ‘ழ’வோட வாலு அடுத்த வரி வரைக்கும் எறங்கும். உங்க பலகையிலயும் ‘அழைப்பு’, ‘அழைக்கவும்’னு ரெண்டு வாலு. எங்க டீச்சர்கிட்ட அந்த மாதிரி ‘ழ’ போட்டு அடி வாங்கியிருக்கேன்.”

“அப்படின்னா அந்தக் கதையை ஏன் திரும்பத் திரும்ப எங்கிட்டயே சொன்னீங்க?”

பெரியவர் கயிற்றை முறுக்கி முடிச்சுப் போட்டார்.

“கதையா? கூப்பிட்டேன் சார். சட்டப்படி மூணு தடவை கூப்பிட்டாப் போதும். நான் நாலு தடவை கூப்பிட்டேன். நீங்கதான் ஆஜராகல.”

என் மனைவி அன்று முழுவதும் சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை ஸ்பெயின் தேசத்துத் தீவுக்கும் செய்தி போனது. அரைமணி நேரமும் கடலுக்கு இடமில்லை.

மனுவை எழுதினேன். பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் முறைப்படி. தாசில்தார் ஓர் இளம்பெண்; நான் எடுத்த பயிற்சி வகுப்பில் இருந்தவராம். எழுந்து நின்று வரவேற்றார். மனுவைப் படித்ததும் உட்கார்ந்துவிட்டார்.

“சார், இதுல எதிர்மனுதாரர் யாரு?”

“இப்ப நிலத்துக்குச் சொந்தக்காரர். நான்தான்.”

“மனுவை எழுதினது?”

“நான்.”

“பழைய உத்தரவை எழுதினது?”

“அதுவும் நான்.”

“சாட்சி?”

“உயிரோட இருக்கிற சாட்சி நான் ஒருத்தன்தான்.”

அவர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். “சார், தப்பா நினைக்காதீங்க. இதுல என்ன சூது இருக்கு? உச்சவரம்பு, வரி, ஏதாவது? எனக்கு மட்டும் சொல்லுங்க.”

எங்கள் துறையை நான் குறை சொல்ல மாட்டேன். தன் நிலம் தனக்கு வேண்டாம் என்று ஒருவன் மனு போட்டால் சந்தேகப்படுவதற்குத்தான் அவரை நான் பயிற்றுவித்திருந்தேன். கடைசியில் மனுவை ஏற்றுக்கொண்டார். நேரில் பார்த்து அறிக்கை அனுப்ப வேண்டும், பழைய உத்தரவைத் திறக்க மேலிடத்து அனுமதி வேண்டும் என்றார். நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

நேரில் பார்க்க அவர் தேர்ந்தெடுத்த நாள் ஐப்பசியில் வந்தது. நான் சொல்லிப் பார்த்தேன். நாட்குறிப்பில் வேறு நாள் இல்லை என்றார். இரண்டு நாள் மழை. முதல் நாள் சாயங்காலமே மூங்கில் பாலம் போய்விட்டது. மறுநாள் காலை பதினோரு மணிக்கு எதிர்க்கரையில் ஜீப் வந்து நின்றது. அதே இடம். மாமரம் இப்போது இல்லை, அடிக்கல்கள் இருந்தன. யாரோ பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். யாரோ டம்ளரில் எதையோ நீட்டினார்கள். 

இந்த முறை நான் பெரியவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவர் துவைத்த வேட்டி கட்டி, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை அணிந்திருந்தார். கையில் பாலித்தீன் உறைக்குள் குடும்ப அட்டையோடு அந்தப் பழைய நோட்டீசு.

கிராம உதவியாளர் அங்கிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பெரியவர் தொண்டையைச் செருமினார்.

“இருக்கேங்க.”

காற்று எதிர்க்காற்று. தாசில்தார் காதில் கைவைத்துக் கேட்டார். இரண்டாம் முறை கூப்பிட்டார்கள்.

“இருக்கேங்க.”

மூன்றாம் முறை கூப்பிடுவதற்குள் நான் கத்தினேன். வாழ்நாளில் ஒரு மேலதிகாரியைப் பார்த்து நான் கத்தியது அந்த ஒரு தடவைதான்.

“அம்மா, அறிவிப்பை எடுத்துப் பாருங்க. விசாரணை மனையிடத்துல. மனையிடம் இங்க இருக்கு. மனுதாரர் இங்க இருக்காரு. நீங்கதான் இன்னும் ஆஜராகல.”

பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல சார்.”

“அன்னைக்கு எனக்கு மீசை முளைக்கல.”

எதிர்க்கரையில் தாசில்தார் கோப்பைப் புரட்டுவது தெரிந்தது. டம்ளரைத் திருப்பிக் கொடுப்பதும் தெரிந்தது. நாற்காலியை விட்டு எழுந்தார். ஜீப்பில் ஏறிப் போய்விடுவார் என்றுதான் நான் நினைத்தேன். நானாக இருந்தால் போயிருப்பேன். அவர் கிராம உதவியாளரிடம் ஏதோ கேட்டார். உதவியாளர் தோப்புப் பக்கம் வாழைகளைக் கைகாட்டினார்.

இந்தப் பக்கத்திலிருந்து மகளும் இரண்டு ஆட்களும் ஐந்து வாழைமரத்தை வெட்டித் தெப்பம் கட்டினார்கள். இரண்டு கரைக்கும் கயிறு போட்டார்கள். என் வாழைகள்தான்; அப்போது அதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. தெப்பத்தின் மேல் பிளாஸ்டிக் நாற்காலியைக் கட்டி, நாற்காலியில் தாசில்தார் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வந்தார். கரையோரம் நின்ற பெண்கள் தெப்பத் திருவிழாவில் சாமி வருவதுபோல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி குலவை போட்டாள். தாசில்தார் சிரிக்காமல் இருக்கக் கடுமையாக முயன்றதை நான் பார்த்தேன்.

இறங்கி, சேலை நுனியைப் பிழிந்துவிட்டு, கூரை வீட்டின் முன் நின்று சொன்னார்:

“இப்ப கூப்பிடுங்க.”

கிராம உதவியாளர் அந்தக் கரையிலேயே இருந்தார். ஆகவே நான் கூப்பிட்டேன். பெயரை முழுசாக, தகப்பன் பெயரோடு சேர்த்து. பெரியவர் இரண்டடி தூரத்தில் நின்றார். இருந்தாலும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்கும்படியாகத்தான் பதில் சொன்னார்.

அறிக்கை மேலே போனது. பிறகு நடந்ததைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, ஒன்றும் நடக்கவில்லை. கோட்ட அலுவலகம் மாவட்டத்திடம் தெளிவுரை கேட்டது. மாவட்டம் சென்னையிடம் கேட்டது. சென்னை, இப்படி ஒரு மனுவுக்கு முன்னுதாரணம் உண்டா என்று மாவட்டத்திடம் கேட்டது. நடுவில் தேர்தல் வந்தது. ஆட்சி மாறியது. கரையில் மூன்றாவது அடிக்கல் வந்தது. துணி துவைக்கிறவர்களுக்கு வசதியாயிற்று.

தொகுப்பு வீட்டுப் பட்டியலில் மகளின் பேர் அந்த வருஷம் வரவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை. ஒழுகும் இடத்திலெல்லாம் என் மனைவி கொடுத்த பாத்திரங்கள் இருந்தன. எங்கள் சமையலறையில் பாதி அங்கேதான் இருந்தது. ஒரு மழைநாளில் மகள் என் எதிரிலேயே அப்பாவைக் கேட்டார்.

“சார் குடுக்குறேன்னு சொன்ன அன்னைக்கே வாங்கியிருந்தா இந்நேரம் கான்கிரீட்டுக்குக் கீழ படுத்திருப்பேன். உனக்கு ஏதாவது ஆயிட்டா இந்த எழுத்தை யாரு வாங்குறது?”

“நான் போக மாட்டேன். போனா ஆஜராகலன்னு எழுதிடுவாங்க.”

மகள் சிரிக்கவில்லை. பெரியவரும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அந்தக் குளிர்காலத்தில் அவருக்கு இருமல் பிடித்தது. திருத்துறைப்பூண்டி ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்தார். நான் வாரத்துக்கு ஒரு நினைவூட்டுக் கடிதம் எழுதினேன். ஒரு காலத்தில் இப்படி நினைவூட்டு எழுதுகிறவர்களைப் பற்றி நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்பதை இங்கே எழுத வேண்டாம்.

பதில் வந்த அன்று ஆற்றில் புதுத் தண்ணீர் நிறைந்து போய்க்கொண்டிருந்தது. காலையிலிருந்து கரை முழுக்கப் பெண்கள். மஞ்சளும் கருகமணியும் காதோலையும் தண்ணீரில் போயின. என் மனைவியும் மகளும் சேர்ந்து எலுமிச்சைச் சாதம், புளிச் சாதம், தேங்காய்ச் சாதம் என்று கிளறி வைத்திருந்தார்கள். அப்போது எதிர்க்கரையில் தபால்காரர் சைக்கிளை நிறுத்தி, பெரியவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பதிவுத் தபால். நேரில் கையெழுத்து வேண்டும், இந்தக் கரைக்கு வாங்க என்றார். பாலத்தில் ஆட்கள் நெரிந்துகொண்டிருந்தார்கள்.

பெரியவர் எழுந்திருக்கவில்லை. வாழையிலையை நீவி விட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார்: “இங்க வரச் சொல்லுங்க சார். நான் மனையிடத்துலதான் இருக்கேன்.”

தபால்காரர் முனகிக்கொண்டே பாலம் கடந்து வந்தார். உறையைப் பிரித்து மகள் வாசித்தார். யாரும் எழுந்து போகவில்லை. வாங்குகிறவரும் கொடுக்கிறவரும் உட்கார்ந்து முழுசாகக் கேட்டோம். ‘மனுதாரர் அறிவிப்பில் குறித்த நாளில் குறித்த மனையிடத்தில் ஆஜராகி இருந்தார் எனத் தெரியவருவதால், முந்தைய உத்தரவு ரத்து செய்யப்பட்டு, மேற்படி மனை அவருக்கே உரியது என உத்தரவிடப்படுகிறது.’

“இன்னொரு தடவை,” என்றார் பெரியவர்.

மகள் வாசித்தார்.

“இன்னொரு தடவை.”

மூன்றாம் முறை வாசித்து முடித்ததும் அவர் அந்தத் தாளை வாங்கி, பழைய நோட்டீசு இருந்த பாலித்தீன் உறைக்குள் வைத்துவிட்டு, தபால்காரருக்கும் ஓர் இலை போடச் சொன்னார். அன்றைக்கு ஆடி பதினெட்டு.